அப்பாக்கள் எழுதிய புத்தகங்கள்

அண்ணே,

என் அப்பா மறுபடியும் எழுத ஆரம்பித்துவிட்டார்.

போன வாரம் என் மகள் கயல்விழி சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உங்கள் பிஸ்கட் டின். மூடியைத் தூக்கியதும் சாம்பிராணி வாசனை கும்மென்று வந்தது. உங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் அத்தனை காலம் இருந்த டின் அல்லவா, இன்னும் விடவில்லை. கயல்விழி கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுக்கிறாள். மலாக்காவின் காஜா பேராங் தெருவில் வாழும் உங்கள் செட்டி மக்களைப் பற்றி ஒரு நூல் எழுதுகிறாள். நீங்கள் சேர்த்த குறிப்பட்டைகளை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். அதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறதாம். எந்தக் கட்டுரை, யார் எழுதியது, எதில் வந்தது என்று உள்ளே போட்டுவிட்டால், நூலின் கடைசியில் வரவேண்டிய பட்டியலை அதுவே அடுக்கிக் கொடுத்துவிடுமாம்.

என் பெயர் போட்ட அட்டை வந்தது. இளவயதில் ஒரு தமிழ் நாளேட்டுக்கு நான் எழுதிய சின்னக் கட்டுரை, உங்கள் தெருக் கோயில் ஊர்வலத்தைப் பற்றியது. ராமையா பொன்னன் என்று என் முழுப் பெயரையும் கயல்விழி தட்டினாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். 'பொன்னன், ஆர்.' என்று வந்திருந்தது.

பொன்னன் என் அப்பா. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஆயுள் முழுவதும் கைநாட்டு. அவர் கட்டுரை எழுதியிருப்பதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில், எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று கயல்விழி தண்ணீர் எடுத்துவர ஓடினாள்.

அந்தச் சிரிப்பின் காரணம் தெரிந்த இன்னொரு ஆள் உலகத்தில் நீங்கள் மட்டும்தான். நீங்களோ போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. போதாக்குறைக்கு நான் எழுதுவது தமிழில். இருந்தபோதே உங்களுக்குத் தமிழ் படிக்க வராது. பரவாயில்லை, எப்போதும் போல நானே படித்துக் காட்டிவிடுகிறேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் குமாஸ்தாக்கள். ஆற்றோரத்தில் ரப்பர் வாங்கி விற்கும் அலுவலகம். கோப்புகள் உங்கள் பொறுப்பு, தட்டச்சு என் பொறுப்பு. உங்கள் பெயருக்குப் பின்னால் பிள்ளை என்று இருந்ததைப் பார்த்துவிட்டு முதல் நாளே உங்களிடம் தமிழில் வளவளவென்று பேசித் தீர்த்தேன். பொறுமையாக முழுவதையும் கேட்டுவிட்டு, ஒன்றும் புரியவில்லை என்று மலாயில் சொன்னீர்கள். நான் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து அதிக நாள் ஆகாத சமயம். நெற்றியில் விபூதி, வீட்டு வாசலில் மாவிலை, வாயைத் திறந்தால் மலாய். இப்படி ஒரு கூட்டம் மலாக்காவில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. உங்களிடம் இருந்த தமிழ் விரல்விட்டு எண்ணக்கூடியது. சாமி, பொங்கல், அக்கா, தம்பி. கடைசிச் சொல்லை எனக்குத் தந்தீர்கள். நான் உங்களை அண்ணே என்றேன். மற்றதெல்லாம் மலாய்தான்.

உங்கள் மக்களைப் பற்றி எங்கே எது அச்சானாலும் அதற்கு ஓர் அட்டை எழுதி டின்னில் போடுவது உங்கள் பழக்கம். ஆங்கிலமும் மலாயும் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். தமிழுக்கு நான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு காஜா பேராங்குக்கு வந்துவிடுவேன். நான் வாய்விட்டுப் படித்து மலாயில் சொல்ல, நீங்கள் காதில் விழுந்த ஒலியை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்வீர்கள். தலைப்பும் அப்படித்தான், எழுதியது என்னவென்று நான் சொன்னால்தான் உங்களுக்கே தெரியும். டின்னை மட்டும் யாரும் தொடக்கூடாது. அடுக்குவது உங்கள் கை ஒன்றுதான். அந்த விஷயத்தில் நீங்கள் கொஞ்சம் சிடுமூஞ்சி.

உங்களுக்குப் பிடிக்காத ஒன்று தமிழர்களின் முன்னெழுத்து. 'க. சிவக்கொழுந்து' என்று நான் படித்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுவீர்கள். ஒற்றை எழுத்தில் என்ன பெயர், இது பாதிப் பெயர் அல்லவா, முழுவதையும் சொல் என்பீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததை விசாரித்து வந்து சொல்வேன். க என்றால் கருப்பண்ணன். நீங்களும் திருப்தியாக எழுதிக்கொள்வீர்கள். கருப்பண்ணன் அவருடைய அப்பா என்று நான் சொன்னதில்லை. இதையெல்லாம் சொல்ல வேண்டுமா, எந்தத் தமிழனுக்கு இது தெரியாது என்று நினைத்திருப்பேன்.

அதன்பிறகுதான் சுதந்திரம் வரப்போகும் வருடம் வந்தது. ஊரெங்கும் மெர்டேக்கா பேச்சு. மலாக்காத் தமிழர்கள் சார்பில் ஒரு சிறப்பு மலர் போடுவதாக முடிவாயிற்று. தொகுக்கும் வேலை ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பக்கம் காகிதக் கடை வைத்திருந்த ராவுத்தர் பாயிடம் வந்தது. உங்கள் மக்களைப் பற்றி நீங்கள் ஆங்கிலத்தில் எழுதியதை நான் தமிழாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாய் படித்தார், நன்றாக இருக்கிறது என்றார். ஒரு வாரம் கழித்து நம் இருவரையும் கடைக்கு வரச் சொன்னார். முகத்தில் சங்கடம் தெரிந்தது.

"தம்பி, எனக்கு ஆட்சேபணை இல்ல. கமிட்டியில கேக்கறாங்க, தமிழே பேசாதவங்களுக்குத் தமிழர் மலர்ல பக்கம் எதுக்குன்னு. இவங்களும் நம்ம ஆளுங்கதான்னு வேற யாராவது முன்னாடியே எழுதித் தமிழ்ல அச்சான ஒண்ணக் கொண்டாங்க. மிச்சத்த நான் பேசிக்கறேன்."

அச்சுக்குப் போக அதிக நாள் இல்லை. நான் மலாயில் சொல்லச் சொல்ல உங்கள் முகம் இறுகிப்போனது. வெளியே வந்து, பள்ளிவாசலைத் தாண்டிப் பிள்ளையார் கோயில் வாசல் வரை நடந்தீர்கள். அங்கே நின்று நீங்கள் மலாயில் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. "தமிழ் பேசறதில்லன்னு இவங்க சேக்க மாட்டாங்க. மலாய் பேசறோம்னு அவங்க சேத்துக்குவாங்களா? நாடு பிறக்கப் போவுது தம்பி. நாங்க எந்த வரிசையில நிக்கறது?"

பாய் கேட்ட ஆதாரம் இருப்பது எனக்குத் தெரியும். பல வருடங்களுக்கு முன் வந்த ஒரு பழைய தமிழ்ப் பத்திரிகையில் சிவக்கொழுந்து என்பவர் காஜா பேராங்கைப் பற்றி எழுதியிருந்தார். தெருவில் போகும்போது ஒரு வீட்டில் தமிழில் தண்ணீர் கேட்டதாகவும், கேட்டது யாருக்கும் புரியவில்லை என்றாலும் வந்தவரை உட்காரவைத்துச் சாப்பாடே போட்டு அனுப்பியதாகவும், இவர்களைத் தமிழர் அல்ல என்று சொல்ல எனக்கு நா எழவில்லை என்றும் முடித்திருப்பார். உங்களுக்கு நானே படித்துக் காட்டினேன், நீங்களே அட்டை எழுதினீர்கள். அந்தப் பத்திரிகை யாரிடமோ இரவல் வாங்கியது. யாரிடம் என்பது இருவருக்குமே மறந்துவிட்டது. ஆனால் அட்டையின் அடியில் எழுதியிருப்பீர்கள். அட்டை கிடைத்தால் பத்திரிகை கிடைக்கும்.

அட்டைதான் கிடைக்கவில்லை. சிவக்கொழுந்து என்ற பெயர் மட்டும் நினைவிருந்ததால் ஆங்கில எஸ் வரிசை முழுவதும் தேடினீர்கள். நான் ஒலியைத் தப்பாகச் சொல்லியிருப்பேனோ என்று சி வரிசையிலும் தேடினீர்கள். காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் உங்கள் முகத்தைப் பார்ப்பேன், நீங்கள் தலையை ஆட்டுவீர்கள். என்னையும் தேடவிடுங்கள் என்றதற்கு, உனக்கு என் வரிசை புரியாது என்றீர்கள். கடைசியில், விட்டுவிடலாம் தம்பி என்றும் சொல்லிவிட்டீர்கள். எதற்கெடுத்தாலும் மலாயில் தா அப்பா, அதாவது பரவாயில்லை, என்கிற ஆள் நீங்கள். சம்பள உயர்வு வராவிட்டால் தா அப்பா, மழையில் நனைந்தால் தா அப்பா. அன்று மட்டும் அதைச் சொல்லவில்லை.

அந்த வாரம் உங்கள் வீட்டில் பழப் பார்ச்சு. போன தலைமுறைகளுக்குப் படையல் போடுவது பார்ச்சு. போகிக்குச் சமைத்துப் படைப்பீர்கள், ஆண்டு நடுவில் பழக் காலத்தில் பழங்களைப் படைப்பீர்கள். என்னையும் கூப்பிட்டிருந்தீர்கள். கூடத்தில் இலைபோட்டு டுரியான், மங்குஸ்தீன், ரம்புத்தான் எல்லாம் குவித்து, சாம்பிராணி போட்டு, உங்கள் அப்பாவிலிருந்து தொடங்கி முன்னோர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தீர்கள். முன்னோர் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை நாங்கள் எல்லாரும் வெளியே காத்திருந்தோம்.

கிளேபாங்கில் கட்டிக்கொடுத்த உங்கள் அக்கா வந்திருந்தார். சரோங், கெபாயாச் சட்டை, கொண்டையில் பூ. அன்றுதான் என்னை முதல்முறையாகப் பார்க்கிறார். ராமையா என்று என் பெயரைச் சொன்னேன். அது அவருக்குப் போதவில்லை. "அனாக் சாப்பா?" என்றார், யார் பிள்ளை என்று. பொன்னன் பிள்ளை என்றேன். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அதன்பிறகு பொன்னன் உள்ளே வா, பொன்னன் பழம் எடுத்துக்கொள், பொன்னனுக்குக் காப்பி கொடுங்கள் என்று ஒரே உபசாரம். உங்கள் வீட்டில் அப்பா பிள்ளை, மகன் பிள்ளை, சித்தப்பா பிள்ளை. பெயரின் கடைசிச் சொல் வீட்டுக்கே பொதுவானது. அதனால் எனக்கும் பொன்னன் வீட்டுப் பெயர் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

மங்குஸ்தீனை உரித்துக்கொண்டிருந்தவன் அப்படியே நிறுத்தினேன். நீங்களும் அந்த வீட்டு ஆள்தானே, நீங்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

உங்களைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், என் கட்டுரை அட்டையை எந்த எழுத்தில் வைத்தீர்கள் என்று கேட்டேன். பி, பொன்னன், வேறு எதில் வைப்பார்கள் என்றீர்கள். முன்னெழுத்தாகச் சுருக்குவது குடும்பப் பெயரைத்தானே, அதை முதலில் போடு என்று அலுவலகத்து ஆங்கிலக் கையேட்டில் இருக்கிறதே என்று விளக்கம் வேறு. பொன்னன் என் அப்பா, அண்ணே, அவருக்கு எழுதத் தெரியாது என்றேன். கருப்பண்ணனும் அப்பாதான் என்றேன். நீங்கள் என்னையே பார்த்தீர்கள். பிறகு சாமி அலமாரிக்குப் போய் டின்னை எடுத்து, வாழ்க்கையில் முதல்முறையாக என் கையில் கொடுத்தீர்கள்.

கே வரிசையில் இருந்தது. 'கருப்பண்ணன், சிவக்கொழுந்து'. தேடும்போது அந்த அட்டையை நீங்கள் எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறீர்கள், முதல் சொல்லை மட்டும் பார்த்து வேறு யாரோ ஒருவர் என்று. அப்படியே புரட்டிக்கொண்டே போனேன். தமிழில் எழுதிய அத்தனை பேருடைய அப்பாக்களும் அந்த டின்னில் எழுத்தாளர்கள் ஆகியிருந்தார்கள். மீன் விற்றவர், மாட்டுவண்டி ஓட்டியவர், எழுத்து வாசனையே இல்லாதவர்கள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மகன்களில் ஒருவர்கூட இல்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. உங்களுக்கு அது முழுக்கச் சிரிப்பில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கும்தான்.

அட்டையின் அடியில் செமாபோக் என்று ஊர்ப் பெயரும் ஓர் ஆளின் பெயரும் இருந்தன. மருத்துவமனையில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர். டுரியான் வாசனை போகாத கையோடு சைக்கிளில் கிளம்பினோம். அவர் பரணிலிருந்து பெட்டியை இறக்கி, அடுக்கைக் கலைத்து, பத்திரிகையைத் தூசி தட்டிக் கொடுத்தார். மறுநாள் பாய் அதைக் கடை வாசலில் நின்றபடியே படித்தார். சாப்பாடு போட்ட இடத்துக்கு வந்ததும் ஒருமுறை உங்களை நிமிர்ந்து பார்த்தார். கடைசிவரை படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்தார்.

"போதும். பக்கத்த ஒதுக்கியாச்சுன்னு அவர்கிட்டச் சொல்லு தம்பி."

சொன்னேன். நீங்கள் தா அப்பா என்றீர்கள். அந்த இடத்தில் அதற்கு அர்த்தமே இல்லை, ஆனால் எனக்கு உயிர் வந்தது. மலர் வெளிவந்ததும் உங்கள் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து கேட்க நான் படித்தேன். ஒரு வார்த்தை புரியாமல் முழுவதையும் கேட்டார்கள். தெருப் பெயர் வந்த இடத்தில் மட்டும் எல்லாரும் தலையாட்டினார்கள்.

அதன்பிறகு டின்னைத் திருத்தும் வேலை. நான் யோசனை சொல்வதும் நீங்கள் முறைப்பதுமாகப் போயின அந்த ஞாயிற்றுக்கிழமைகள். எல்லாரையும் எந்தப் பெயரால் கூப்பிடுவார்களோ அந்தப் பெயரிலேயே வைக்கலாம் என்றேன், முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டீர்கள். பத்திரிகை யார் வீட்டில் இருக்கிறது என்பதை அட்டையின் அடியில் எழுதாமல் மேல் மூலையில் எழுதுங்கள், அவசரத்தில் தேடுகிறவனுக்கு அதுதானே வேண்டும் என்றேன். அட்டையின் அழகு போய்விடும் என்றீர்கள். இது அடுக்குகிறவனுக்கா தேடுகிறவனுக்கா என்று கேட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு மேலே எழுதினீர்கள். உங்கள் பங்குக்கு, இந்த அட்டையை யாரால் படித்துச் சொல்ல முடியும் என்றும் ஓரத்தில் குறித்தீர்கள். தமிழ் அட்டைகள் எல்லாவற்றிலும் என் பெயர்.

ஆனால் அப்பாக்களைத் தூக்கிப்போட நான் சொன்னபோது மறுத்துவிட்டீர்கள். போனவர்களை எழுந்து போகச் சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்றீர்கள். அவர்கள் பழைய இடத்திலேயே இருந்தார்கள், ஒரே வரியோடு. 'பொன்னன். பார்க்க: ராமையா.' 'கருப்பண்ணன். பார்க்க: சிவக்கொழுந்து.' யாராவது அப்பா பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தால் பிள்ளையிடம் அனுப்பிவிடலாம் என்றீர்கள்.

பொன்னன் அட்டையை உங்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டு ஒருநாள் தோட்டத்துக்குப் போனேன். அப்பா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். அவர் விரலைப் பிடித்து அவர் பெயரின்மேல் வைத்தேன். ஆங்கில எழுத்துதான், அவருக்கு எந்த எழுத்தும் ஒன்றுதானே. பக்கத்தில என்ன எழுதியிருக்கு என்று கேட்டார். சொன்னேன்.

"என்னத் தேடி வந்தா ஒன்னப் பாக்கச் சொல்லுதா?"

"ஆமாப்பா."

"அப்பச் சரியாத்தான் எழுதியிருக்காரு," என்றார். அட்டையை வேட்டியில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

இப்போது கணினிக்கு வருகிறேன். நீங்கள் இருந்திருந்தால் மென்பொருளும் என் கட்சிதான் என்று மார்தட்டியிருப்பீர்கள். உங்கள் பெயரைப் 'பிள்ளை' என்று அது கச்சிதமாக வைத்துவிட்டது. எங்களைத்தான் படுத்துகிறது. பெயர் எழுத இரண்டு கட்டம் கொடுத்து, இதில் குடும்பப் பெயர், அதில் முதல் பெயர் என்கிறது. கயல்விழி எரிச்சலில் எதையெதையோ தட்டிப் பார்த்தாள். கட்டத்தின் ஓரத்தில் கடுகளவுக்கு ஒரு படம் இருந்தது. அதை அமுக்கியதும் இரண்டு கட்டமும் சேர்ந்து ஒன்றாகிவிட்டன. ராமையா என்று எழுதினாள். பொன்னன் எழுந்து தன் இடத்துக்குப் போய்விட்டார். நான் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சுவிட்டேன். இத்தனை நாளும் வழி அங்கேயேதான் இருந்திருக்கிறது.

உங்கள் யோசனைகளை எழுதுங்கள் என்று அந்த மென்பொருளிலேயே ஓர் இடம் இருக்கிறது. விடுவேனா? நான் சொல்ல, கயல்விழி ஆங்கிலத்தில் தட்டினாள். அந்தப் படத்தைக் கிழவன் கண்ணுக்கும் தெரியும்படி பெரிதாகப் போடுங்கள். குடும்பப் பெயர் என்ன என்று கேட்காதீர்கள், இவரை எந்தப் பெயரால் கூப்பிடுவார்கள் என்று கேளுங்கள். 'பார்க்க' என்று எழுத ஓர் இடம் வையுங்கள். பதில் வந்தது. பெயர் விஷயத்தைக் கவனிக்கிறார்களாம். 'பார்க்க' என்றால் என்ன, எதற்காக என்று இன்னும் கொஞ்சம் விளக்கி எழுத முடியுமா என்று ஒரு பெண் மரியாதையாகக் கேட்டிருந்தாள். அவளுக்கு விளக்கம் எழுத உட்கார்ந்தேன், அது உங்களுக்கு எழுதும் மடலாகிவிட்டது.

உங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அக்கா பேரன்கள்தான் இன்றும் உங்களுக்கு இலை போடுகிறார்கள், போகிக்கு நானும் போய்வருகிறேன். உங்களைப் பற்றிக் கேட்டு யார் வந்தாலும் அந்த வீட்டுப் பிள்ளைகள் என் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்புகிறார்கள். முதலில் யோசித்ததில்லை. இப்போதுதான் தோன்றுகிறது, பொன்னனுக்கு எழுதிய 'பார்க்க: ராமையா' என்ற அதே வரி உங்களுக்கும் பொருந்துகிறது.

நேற்று வேலை முடிந்ததும் கயல்விழி டின்னை மூடப்போனாள். மூடவில்லை. ஒரு புது அட்டையை வெட்டி, பேனாவால் ஏதோ எழுதி ஆர் வரிசையில் செருகினாள். அவளுடைய நூலை வெளிநாட்டில் எப்படியும் என் பெயரில்தான் அடுக்கப்போகிறார்கள், அதற்காக என்றாள். எடுத்துப் பார்த்தேன்.

'ராமையா. பார்க்க: கயல்விழி.'

சரியாத்தான் எழுதியிருக்கே என்றேன். டின்னை மூடிவிட்டுச் சாப்பிடக் கூப்பிட்டாள். போனேன், அண்ணே.